ஊர்ச்சரக்கு ஏற்றிய டிஸ்க்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நம்புவார்கள். ஆனால் தெரிந்துதான் செய்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

என் பெயர் பூபதி. ஈரோட்டில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில், லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகிறது. மனிதர்களை எனக்குப் பொதுவாகவே பிடிக்காது. கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டு, ‘தானா ஆஃப் ஆயிருச்சுங்க’ என்று கூசாமல் சொல்கிறவர்களை இருபத்திரண்டு வருஷம் பார்த்தால் உங்களுக்கும் பிடிக்காமல் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் அவள் மாடியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். மூச்சு வாங்கியது. துணிப்பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“டிஸ்க் மாத்தோணுங்க. உள்ள இருக்கறதுல ஒண்ணுகூடப் போகக் கூடாது.”

“எல்லாரும் இதேதான் சொல்றாங்க.”

“இது கோர்ட்டுக்குப் போறதுங்க” என்று ஒரு தாளை நீட்டினாள்.

தாளைப் படித்தேன். வர்ஷினி, கணவர் பெயர் கிஷோர். சாயப்பட்டறை சூப்பர்வைசர். கோவை ஜெயிலில் இருக்கிறவன். அந்தப் பெயரை இரண்டாவது தடவையும் படித்தேன்.

கவின் என் மனைவி இந்துமதியின் தம்பி. அந்தச் சாயப்பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அடைத்துக்கொண்ட கழிவுநீர்த் தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்கினான். உள்ளே விஷவாயு. மேலே வந்தது அவன் உடம்புதான். கிஷோர்தான் மிரட்டி இறக்கிவிட்டான் என்று ஊரே சொன்னது. லோக்கல் சேனலில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள், எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

நான் கவினின் அக்கா புருஷன் என்று வர்ஷினிக்குத் தெரியாது. பிரேதப் பரிசோதனை நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் இந்துமதியும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கிறார்கள். நான் அப்போது உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“நாலு கடை ஏறி எறங்கிட்டனுங்க. பேரைப் படிச்ச ஒடனே, ஆள் இல்லைங்கறாங்க” என்றாள்.

“உக்காருங்க” என்றேன்.

அவள் சொன்ன கதை இது. பட்டறைக் கேமராப் பதிவுகளைக் கிஷோர் தினமும் சாயங்காலம் தன் சொந்த லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து வைப்பானாம். சம்பவம் நடந்த அன்றும் எடுத்திருக்கிறான். மறுநாள் காலையில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. பட்டறைக்காரர்கள் தங்களிடம் இருந்த பதிவை அழித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

“அதுல என்ன இருக்குது?”

“‘எறங்காத, உள்ள கேஸ் இருக்கும்’னு இவரு கவின்கிட்டச் சொல்றது இருக்குதுங்க.”

“நீங்க கேட்டீங்களா?”

“ஒரு தடவை கேட்டேன். கரகரன்னுதான் இருந்துச்சு. ஆனா கேட்டனுங்க. அதுக்குள்ள இது டொக்கு டொக்குன்னு அடிக்க ஆரம்பிச்சுருச்சு.”

சர்க்கார் ஆய்வகத்தில் கொடுத்தால் எட்டு மாதம் ஆகும். வியாழக்கிழமை ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. பதிவு பெற்ற கடையில் டிஸ்க்கை மாற்றி, அந்தக் கடைக்காரர் கைமாற்றுச் சீட்டுப் போட்டு அனுப்பினால் கோர்ட் ஏற்றுக்கொள்ளும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கைமாற்றுச் சீட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய டிஸ்க்கில் இருந்தது உள்ளது உள்ளபடி புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணுகிற தாள். முத்திரை வைத்த பிரதி கடையிலிருந்து நேரே கோர்ட்டுக்குப் போய்விடும், நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

லேப்டாப்பைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன். சுழலுகிற பழங்காலத்து டிஸ்க். முள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து முறை ஓடினால் அதிகம்.

அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இது நேர் டிஸ்க். இருக்கறதை இருக்கற மாதிரியே எழுதும். உங்க டிஸ்க்கு சாகக் கெடக்குது. படிக்க முடியாத எடத்தை நூறு தடவை தடவித் தடவிப் பாக்கும். நாலு நாள் ஆகும்.”

“ஐயோ. வியாழக்கெழம வேணுங்களே. அது என்னதுங்க?”

“ஊக டிஸ்க். அரை மணி நேரம்.”

“ஏனுங்க அவ்வளவு சீக்கிரம்?”

“புது மாடல்” என்றேன்.

ஊக டிஸ்க்கைப் பற்றி எந்தக் கடைக்காரரும் வாடிக்கையாளரிடம் முழுசாகச் சொல்வதில்லை. அது எல்லாவற்றையும் எழுதி வைக்காது. ஊரில் ஏற்கெனவே இருக்கிற பேச்சு, பாட்டு, செய்தி, படம் இவற்றையெல்லாம் முதலில் அதற்குள் ஏற்றிவிடுவோம். அதை நாங்கள் ஊர்ச்சரக்கு என்போம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் சங்கத்திலிருந்து புதுச் சரக்கு வரும். நீங்கள் ஏதாவது ஏற்றினால், ஊர்ச்சரக்கிலிருந்து எங்கே வித்தியாசப்படுகிறதோ அதை மட்டும் டிஸ்க் குறித்துக்கொள்ளும். மற்றதைத் திறக்கும்போது தானே கட்டிக் கொடுக்கும். அதனால்தான் விரல் அளவு டிஸ்க்கில் ஒரு ஆயுசு அடங்குகிறது. கல்யாண வீடியோவுக்கும் பிள்ளைகளின் படத்துக்கும் இது போதும். அத்தையின் பட்டுச் சேலை கரை ஒரு நூல் மாறியிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் பழைய டிஸ்க்கில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையையும் அது கட்டிக் கொடுத்துவிடும். எந்த ஊரில் வாங்கினீர்களோ அந்த ஊருக்கு எது பொருத்தமாகப் படுகிறதோ அதை வைத்து அடைக்கும். வெளியே தையல் தெரியாது.

வர்ஷினி இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்ணா. ரெண்டுல எதை வெச்சாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதானுங்களே?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவன் மாதிரி இழுப்பறையைத் திறந்து குனிந்துகொண்டேன்.

“உங்க இஷ்டமுங்க” என்றேன்.

அவள் ஊக டிஸ்க்கைத் தொட்டாள்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. டிஸ்க் மாற்றினால் முதல் ஃபைல், கடைசி ஃபைல், நடுவில் ஏதாவது ஒன்று, இந்த மூன்றையும் திறந்து பார்த்துவிட்டுச் சீட்டுப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். நேர் டிஸ்க் மட்டும் இருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. ஊக டிஸ்க்கில் மூன்று என்ன, மூவாயிரத்தைத் திறந்தாலும் எல்லாம் திறக்கும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் சீட்டுப் போடுகிறோம்.

“அதைப் போடுங்க, ஒரு தடவை கேட்டுக்கறேன்” என்றாள்.

போட்டேன். கேமரா இரண்டு பேரின் முதுகைத்தான் காட்டியது. தொட்டி விளிம்பு, ஏணி, கவினின் நீலச் சட்டை. கிஷோரின் குரல் மணி அடித்தாற்போல் கேட்டது.

“எறங்குடா. லைன் நிக்குது. ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

“சரிங்க சார்.”

ஏணி கிரீச்சிட்டது. நீலச் சட்டை கீழே போய் மறைந்தது.

வர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள். “இது இல்லீங்க. நான் கேட்டது இது இல்லீங்க.”

“கொரலு அவருதுதானே?”

“கொரலு அவருதுதான். ஆனா அவரு இப்படிப் பேசலீங்க. நீங்க என்னமோ பண்ணீட்டீங்க!”

“பண்றதுக்கு நான் யாருங்க? உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்.”

“அனுப்பாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறனுங்க, அனுப்பாதீங்க.”

“கோர்ட்டுத் தாளோட வந்த டிஸ்க்கை மாத்தினா அனுப்பியே ஆகோணும். சட்டம்.”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்திரை வைத்து அனுப்பினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்துப் பிரயோஜனமில்லை. டிஸ்க் எதையோ வைத்து அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததும் அதுதானே என்று நினைத்தேன். ஊருக்கே தெரிந்ததைத்தானே அதுவும் சொல்கிறது? அவள் படியில் தடுமாறிக்கொண்டு இறங்கினாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஜாமீன் கிடைக்கவில்லை. சாயங்காலம் லோக்கல் சேனலில் அந்தப் பதிவையே போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே நான் இந்துமதியிடம் சொல்லியிருந்தேன், உன் தம்பியைக் கொன்றவன் மாட்டிக்கொண்டான் என்று. இரண்டு மாதமாகப் பாதித் தட்டிலேயே எழுந்துகொண்டிருந்தவள் அன்று உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். நான் பெருமையோடு டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அவள் கேட்டாள். சேனலில் மறுபடி போட்டபோதும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“இது யாரு?”

“யாருன்னா? கவினு.”

“‘சரிங்க சார்’ங்கறானே, அது யாருன்னு கேக்கறேன்.”

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். கவின் வாய்க்கொழுப்புக்காகவே மூன்று பட்டறையிலிருந்து வெளியே தள்ளப்பட்டவன். முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தன் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் கேட்காமல் ஜாதிப் பட்டத்தைச் சேர்த்ததற்காக அச்சகத்துக்காரரோடு நடுரோட்டில் சண்டை போட்டவன். என்னை ஒரு தடவைகூட மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அவன் உயிரோடு இருந்தவரை எனக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. செத்த பிறகுதான் அவன்மேல் எனக்குப் பாசம் வந்தது.

“எந்த டிஸ்க்கு வெச்சீங்க?” என்றாள் இந்துமதி. இருபது வருஷம் கடைக்காரனோடு குடித்தனம் பண்ணியவள்.

“ஊக டிஸ்க்கு.”

“பழைய டிஸ்க்குல ஓட்டை இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப அந்த ஓட்டையில ஊர்ப் பேச்சை எடுத்து அடைச்சிருக்குது. ரெண்டு மாசமா ஊர்ல வேற என்ன பேச்சு? அவன் மெரட்டினான், இவன் எறங்கினான். அதானே சரக்கு?”

“அவன் மெரட்டினது நெசந்தானே இந்து?”

“நீங்க பாத்தீங்களா? நான் பாத்தனா?” அவள் கத்தினாள். “என்ற தம்பி யாருக்கும் பணிஞ்சு போனவன் கெடையாது. செத்தவன் வாயில ‘சரிங்க சார்’னு வெச்சுட்டீங்களே! அவன் செத்தது உங்களுக்குப் பத்தலையா? அவனை வேற ஆளா மாத்தி ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டோணுமா?”

“உனக்காகத்தான் பண்ணினேன்.”

“எனக்காகப் பண்ணாதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க.”

கழற்றிய டிஸ்க்கை ஏழு நாள் கடையிலேயே வைத்திருந்து பிறகுதான் நொறுக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்து விதி. வெள்ளிக்கிழமை காலை நான் கடை திறப்பதற்கு முன்பே இந்துமதி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் இருந்த ஒரே ஒரு நேர் டிஸ்க்கைப் பிரித்து, பழையதோடு இணைத்து, ஓடவிட்டேன். நாலு நாள் அது டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. நாலு நாளும் இந்துமதி சாப்பாட்டுக் கூடையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்த வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பழைய டிஸ்க் கடைசியாக ஒரு தடவை அடித்துவிட்டு நின்றது. ஓட்டை இருந்த இருபத்தைந்து விநாடியும் தேறியிருந்தது.

போட்டேன். இரைச்சல். பம்ப் சத்தம். அதற்கு மேல் கவின்.

“மூணு நாளாச் சொல்றேன், எவனாவது காதுல வாங்கினீங்களாடா? தொட்டி உறிஞ்சற வண்டி வருது, வருதுன்னு. மயிரு வண்டி. நகரு அக்கட்ட. பயமா இருந்தா ஏசி ரூமுல போய் உக்காந்துக்க. நான் எறங்கிக்கறேன்.”

இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “இதுதான். இதுதான் என்ற தம்பி” என்றாள்.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பம்ப் சத்தம் மட்டும். இரண்டு முதுகுகளும் நின்றன. கிஷோர் வலது கையைத் தூக்கினான், பிடரியைச் சொறிந்தான், கையைக் கீழே போட்டான். வாய் திறக்கவில்லை. பிறகு ஏணி கிரீச்சிட்டது. நான் எண்ணிப் பார்த்தேன். பதினோரு விநாடி. எறங்கு என்றும் சொல்லவில்லை, எறங்காதே என்றும் சொல்லவில்லை. பதினோரு விநாடி சும்மா நின்றிருக்கிறான்.

“தள்ளிவிட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். பாத்துட்டு நின்னிருக்கான்” என்றாள் இந்துமதி.

பிறகு என்னைப் பார்த்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இழுப்பறையில் தலையை விட்டுக்கொண்டு, ‘உங்க இஷ்டமுங்க’ என்று நான் சொன்னதை அவளிடம் அந்த வியாழக்கிழமை ராத்திரியே சொல்லித் தொலைத்திருந்தேன்.

வர்ஷினிக்குப் போன் பண்ணினேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, “இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?” என்றாள். புதன்கிழமை காலை வந்தாள். கதவருகிலேயே நின்றாள். இந்துமதியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“இவங்க எதுக்கு இங்க?”

“என்ற சம்சாரம்” என்றேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை.

“அதான்! அதான் அன்னைக்கு உக்காருங்கன்னு சொன்னீங்க! ரெண்டு பேரும் சேந்து என்ற வூட்டுக்காரரை உள்ளயே வெச்சுட்டீங்க!”

“இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒருத்தன் பண்ணினது” என்று ஆரம்பித்து, நேர் டிஸ்க், ஊக டிஸ்க், ஊர்ச்சரக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டியிருந்தது. அவள் அழவில்லை, திட்டவுமில்லை. முழுசும் கேட்டுவிட்டு, “அப்ப நெசமான பதிவு இருக்குதா?” என்றாள்.

“இருக்குது.”

“போடுங்க.”

போட்டேன். கவினின் திட்டுகளைக் கேட்கும்போது அவள் கண் அசையவில்லை. பம்ப் சத்தம் வந்ததும் கதவை விட்டு மேஜைக்கே வந்துவிட்டாள். ‘எறங்காத’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். ஏணி கிரீச்சிட்டது.

“மறுபடி போடுங்க.”

போட்டேன்.

“மறுபடி.”

மூன்று தடவை கேட்டாள். “கேட்டனுங்களே” என்றாள். “அன்னைக்கு என்ற காதால கேட்டனுங்களே.”

“நீங்களும் ஓட்டையை அடைச்சுக் கேட்டிருக்கீங்க” என்றேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “அந்த ஊர்ச்சரக்குக்குப் பதிலா வேற ஏத்த முடியுமா?”

“எதை?”

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “கல்யாணம் ஆகிப் பத்து வருஷமாச்சு. அவரு எனக்கு அனுப்பினது, பேசினது, சண்டை போட்டது, அத்தனையும் இதுல இருக்குது. ஊரு பேசினதை வெச்சு நீங்க அடைச்சீங்க. அவரு பேசினதை வெச்சு அடைங்க.”

“அதுவும் பொய்தாம்மா.”

“நீங்க குடுத்தது? அதுக்கு முத்திரை குத்திக் கோர்ட்டுக்கு அனுப்பினீங்களே, அது என்ன? ஊருக்கு ஒரு சரக்கு இருக்கலாம், எனக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா? அவரு உள்ள கெடக்கறாருங்க. தூக்கம் இல்லாம, சோறு எறங்காம கெடக்கறாரு. எனக்கு ‘எறங்காத’ வேணும். ஏத்துங்க.”

பதில் சொன்னது இந்துமதி.

“ஏத்துங்க. இவ புருஷன் அப்படி என்னத்தைப் பேசிக் கிழிச்சிருக்கான்னு நானும் கேக்கறேன்.”

“உங்களுக்கென்ன, தம்பியைக் குடுத்துட்டு வந்துட்டீங்க. உயிரோட இருக்கறவரை நான் காப்பாத்தக் கூடாதா?” என்றாள் வர்ஷினி.

“தாராளமாக் காப்பாத்து. வெக்கட்டும், கேப்போம்.”

புது ஊக டிஸ்க் ஒன்றைப் பிரித்தேன். ஊர்ச்சரக்கைத் துடைத்துவிட்டு, அவள் போனில் இருந்த பத்து வருஷத்தை ஏற்றினேன். பிறகு அந்த இருபத்தைந்து விநாடியை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையோடு பதிவை ஏற்றினேன். அரை மணி நேரம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கீழே பஸ் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. இரண்டு பெண்களுக்கும் நடுவில் என் மேஜை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

பச்சை விளக்கு எரிந்தது. போட்டேன்.

கவின் கத்தினான். வார்த்தைகள் வேறு. ஆனால் கோபம் அவனுடையதுதான். அவன் வாயைப் பற்றிக் கிஷோர் வீட்டில் நிறையப் புலம்பியிருப்பான் போல. ‘போடா, நீயும் உன்ற பட்டறையும்’ என்று முடித்தான். வர்ஷினி இரண்டு கைகளையும் கோத்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

பம்ப் சத்தம் கேட்டது. அதோடு ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம். டிஸ்க் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. பத்து வருஷத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, ஒருத்தன் வாயைத் திறக்காமல் நிற்கிற சத்தத்தை அது கட்டிக் கொடுத்திருந்தது. தொண்டையைக் கனைத்தான். அவ்வளவுதான். ஏணி கிரீச்சிட்டது.

நான் நிறுத்தினேன். வர்ஷினி மறுபடி போடச் சொல்லவில்லை.

“‘ம்’ம்பாரு. ‘பாக்கலாம்’பாரு” என்றாள், யாரிடமும் இல்லாமல். “பத்து வருஷத்துல ஒரு தடவைகூட யார்கிட்டயும் வேண்டாம்னு சொன்னதில்லை. என்ற மாமியா என்னைய வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினப்ப, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தாரு. மழை வேற. பொறவு குடையை மட்டும் மதிலுக்கு மேல நீட்டினாரு.”

இந்துமதி ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையின் அந்தப் பக்கமாக நகர்த்திவைத்தாள். வர்ஷினி அதைத் தொடவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊக டிஸ்க்கை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, நேர் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இதுக்குச் சீட்டுப் போடுங்க. மெரட்டலைங்கறதாவது தெரியட்டும். மிச்சத்துக்கு அவரே பதில் சொல்லிக்கட்டும்.”

“இதைப் போட்டா பழைய சீட்டு பொய்ன்னு ஆகும். என்ற லைசென்ஸ் போயிரும்” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

“போகட்டும். தாள்ல மட்டும் எழுதிக் குடுத்தா உங்க சங்கத்துக்காரங்க ஏதோ தவறுன்னு மழுப்பிருவாங்க. நீங்க கோர்ட்டுக்கு வரோணும். நான் கேட்டேன், தெரிஞ்சுக்கிட்டே நீங்க சொல்லாம இருந்தீங்கன்னு கூண்டுல ஏறி உங்க வாயால சொல்லோணும். என்ற வூட்டுக்காரரு வாயைத் தொறக்கலை. நீங்களாவது தொறங்க. வர்றீங்களா?”

இருபத்திரண்டு வருஷக் கடை. வேறு வேலை எனக்குத் தெரியாது. மேஜையையும் அலமாரியையும் பார்த்தேன். இந்துமதி பக்கம் திரும்பினேன், ஏதாவது சொல்வாள் என்று. அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு” என்றாள் இந்துமதி.

எனக்கு முதலில் புரியவில்லை.

“ரெண்டு. மூணு.”

வர்ஷினி கையில் டிஸ்க்கோடு அசையாமல் நின்றாள்.

“நாலு. அஞ்சு. ஆறு.”

“வர்றேன்” என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பதினொன்று வரைக்கும் எண்ணி முடித்தாள்.